சங்கரன்கோயிலில் இருந்து ஐஐடி மெட்ராஸ்: காரா, ரயிலா?

#1 ஆடித்தபசு

எல்லாருக்கும் வணக்கம். மகளுக்கு ஐஐடி மெட்ராஸில் இடம் கிடைத்திருக்கிறது. ஜூலைக் கடைசியில் போய்ச் சேர வேண்டும். நான், வீட்டுக்காரி, மகள், என் அம்மா என்று நாலு பேர் கிளம்புகிறோம். அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, முழங்கால் வலி, படி ஏற முடியாது. ஆனால் பேத்தி படிக்கப்போகிற இடத்தைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார்கள்.

வீட்டில் கார் இருக்கிறது. திருச்சியைத் தாண்டி நான் ஓட்டியதில்லை. "மெத்தை, வாளி, பெட்டி என்று அத்தனை சாமானையும் ரயிலில் எப்படித் தூக்குவீங்க, காரில் போங்க" என்கிறான் மச்சினன். "சென்னைக்குள்ள காரைக் கொண்டுபோய் என்ன செய்யப்போறீங்க" என்கிறார் பக்கத்து வீட்டு வாத்தியார். இருவருமே சென்னையில் இருந்ததில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

காரில் போனால் விடுதி வாசல் வரை போக முடியுமா? ரயில் என்றால் எழும்பூரில் இறங்குவதா, தாம்பரத்தில் இறங்குவதா? அப்புறம் மகள் லீவுக்குத் தனியாக வந்து போக எது தோது?

#2 ரயில்பைத்தியம்

வாழ்த்துகள் அண்ணாச்சி. பாப்பாவுக்குத் தனியாக ஒரு வாழ்த்து.

பொதிகை எக்ஸ்பிரஸ் உங்கள் ஊரிலேயே நிற்கிறது, வேறு என்ன வேண்டும்? தாம்பரத்தில் இறங்குங்கள். எழும்பூர் வரை போனால், வந்த பாதையிலேயே கிண்டிக்குத் திரும்பி வர வேண்டியிருக்கும். தாம்பரத்தில் இறங்கி கடற்கரை போகிற புறநகர் ரயிலில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை, அடுத்தது கிண்டி. அரை மணி நேரம் கூட ஆகாது. டிக்கெட் ஆளுக்குப் பத்து ரூபாய்க்கு மேல் போகாது. விடியற்காலையில் அந்த வண்டி காலியாகவே வரும். எட்டு மணிக்கு மேல் என்றால் பெட்டியோடு உள்ளே நுழையவே முடியாது, அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எழும்பூர் நிலையத்தைப் புதுப்பிக்கும் வேலை தொடங்கியதில் இருந்து சில வண்டிகளைத் தாம்பரத்தோடு நிறுத்தியும் பார்த்தார்கள். எப்படிப் பார்த்தாலும் உங்களுக்குத் தாம்பரம்தான்.

இப்போது பிரச்சினை டிக்கெட். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது. உங்களுக்கோ இடம் உறுதியானதே இப்போதுதான். பொதிகை அதற்குள் நிரம்பியிருக்கும். சிலம்பு வாரத்தில் எல்லா நாளும் கிடையாது, தேதி ஒத்துவருகிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கோவில்பட்டிக்கு வந்துவிடுங்கள். நெல்லை, கன்னியாகுமரி, முத்துநகர் என்று வரிசையாக வண்டி இருக்கிறது, எல்லாம் தாம்பரத்தில் நிற்கும். கடைசி வழி தத்கால்: முதல் நாள் காலை 10 மணிக்கு ஏசி, 11 மணிக்கு ஸ்லீப்பர். 2025 ஜூலையில் இருந்து ஆதார் இணைத்த கணக்கில்தான் தத்கால் எடுக்க முடியும், அதை இன்றைக்கே முடித்து வையுங்கள்.

#3 டீசல்_துரை

ரயில் தம்பி சொன்னது எல்லாம் சரி, முதுகில் ஒரே ஒரு பை போட்டுப் போகிறவருக்கு. இங்கே நாலு பேர், அதில் ஒருவருக்கு முட்டி வலி, கூடவே ஒரு வருஷத்துச் சாமான்.

கணக்கைப் பார்ப்போம். சங்கரன்கோயில் சென்னை 600 கி.மீ. அளவில் வரும். லிட்டருக்கு 15 என்று வைத்தால் 40 லிட்டர், 4,000 ரூபாய்ச் சுற்றுக்கு பெட்ரோல். சுங்கம் தனி. நாலு பேர் மூன்றடுக்கு ஏசியில் போனாலும் கிட்டத்தட்ட அதே காசு. ஸ்லீப்பரில் பாதிக்குப் பாதி மிச்சம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தத்கால் என்று இறங்கினால் அந்த மிச்சமும் கரையும். மூத்த குடிமக்கள் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தியதோடு சரி, திருப்பித் தரவில்லை.

பாதை: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், திருமங்கலம், மதுரை, திருச்சி, விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டு. மதுரைக்கு மேல் முழுக்க நாலுவழிச் சாலை, ஓட்டுவதில் ஒன்றும் இல்லை. இரவு ஓட்டாதீர்கள். விடியற்காலை கிளம்பி, பகலிலேயே போய், சென்னைக்கு வெளியே மறைமலை நகர் பக்கம் எங்காவது தங்குங்கள். மறுநாள் காலை 6 மணிக்குக் கிளம்பினால் ஏழுக்கெல்லாம் வாசலில் நிற்கலாம். ஞாயிறு மாலையோ திங்கள் அதிகாலையோ சென்னைக்குள் நுழைகிற மாதிரி மட்டும் திட்டம் போடாதீர்கள். ஊருக்குப் போன மொத்தக் கூட்டமும் பரனூர் சுங்கச்சாவடியில் இருந்து பெருங்களத்தூர் வரை நின்றுகொண்டிருக்கும்.

#4 கிண்டி_லோக்கல்

துரை அண்ணன் செங்கல்பட்டு வரை பத்திரமாகக் கூட்டி வந்துவிட்டார். அதற்கு மேல்தான் சென்னை என்று ஒன்று இருக்கிறது.

செங்கல்பட்டில் இருந்து சென்னைக்குள் வரும் ஜிஎஸ்டி சாலையில் கூடுவாஞ்சேரி, பெருங்களத்தூர், தாம்பரம், பல்லாவரம் எல்லாமே நெரிசல்தான். கத்திப்பாரா மேம்பாலத்தில் பலகையைப் பார்க்காமல் ஒரு வளைவைத் தப்பாக எடுத்தால் வடபழனிக்கோ பூந்தமல்லிக்கோ போய்த்தான் திரும்பி வர வேண்டும். கிண்டி, அண்ணா சாலை என்று போட்டிருக்கும் பக்கமே வாருங்கள். கிண்டி தாண்டியதும் வலப்புறம் சர்தார் படேல் சாலை. கவர்னர் மாளிகை, சிறுவர் பூங்கா, காந்தி மண்டபம், புற்றுநோய் மருத்துவமனை, அதற்கு அடுத்து ஐஐடி மெயின் கேட். அடையாறு நோக்கிப் போகும்போது கேட் உங்களுக்கு வலது கைப் பக்கம் இருக்கும், எதிரே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். இடது ஓரமாகவே போனீர்கள் என்றால் கேட்டைப் பார்த்துக்கொண்டே கடந்து போவீர்கள்.

இன்னொரு வழி, வண்டலூரில் வலது திரும்பி கேளம்பாக்கம் போய், ராஜீவ் காந்தி சாலை வழியாக மத்திய கைலாஷ் வருவது. அங்கே இடது திரும்பினால் கேட் உங்கள் இடது பக்கமே வரும். சுற்று அதிகம். அந்தச் சாலையில் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலையும் நடக்கிறது, அதனால் சொந்தக்காரர் வீடு அந்தப் பக்கம் இருந்தால் தவிர நான் சொல்ல மாட்டேன்.

முக்கியமான விஷயம். மேப்பில் வெறுமனே "ஐஐடி மெட்ராஸ்" என்று போடாதீர்கள். கேளம்பாக்கம் அருகே தையூரில் அவர்களுக்கு இன்னொரு வளாகம் இருக்கிறது. தரமணியில் ஆராய்ச்சிப் பூங்கா இருக்கிறது. வளாகத்துக்கே வேளச்சேரி கேட், தரமணி கேட், கிருஷ்ணா கேட் என்று பல வாசல்கள். எல்லா வாசலிலும் எல்லாரையும் எல்லா நேரத்திலும் விட மாட்டார்கள். "மெயின் கேட், சர்தார் படேல் சாலை" என்று போடுங்கள்.

#5 முன்னாள்_நர்மதா

இதுவரை எல்லாரும் கேட் வரை கொண்டுவந்து விட்டீர்கள். முதல் தடவை வருகிறவர்கள் "கேட் வந்தாச்சு, காலேஜ் வந்தாச்சு" என்று நினைத்து ஆட்டோவை அனுப்பிவிட்டு, பெட்டியோடு நிற்பார்கள். மெயின் கேட்டில் இருந்து கஜேந்திரா சர்க்கிள், நாங்கள் ஜிசி என்போம், கிட்டத்தட்ட 2 கி.மீ. அங்கே இருந்து விடுதிகள் இன்னும் உள்ளே. வளாகம் மொத்தம் 600 ஏக்கருக்கு மேல். டெல்லி அவென்யூ, பான் அவென்யூ என்று இரண்டு நீளமான சாலைகள், இரண்டு பக்கமும் மரம், நடுநடுவே புள்ளிமான் கூட்டம். 1959இல் மேற்கு ஜெர்மனி உதவியோடு தொடங்கிய நிறுவனம் என்பதால்தான் சாலைக்கு அந்த நாட்டுத் தலைநகராக இருந்த பான் நகரத்தின் பெயர்.

நடக்க வேண்டாம். மெயின் கேட்டில் இருந்து விடுதிப் பகுதிக்கு வளாகத்துக்குள்ளேயே பஸ் ஓடுகிறது, கட்டணம் கிடையாது. இப்போது மின்சார பஸ்கள். மாணவர்கள், ஊழியர்கள், வந்து போகிறவர்கள் எல்லாரும் அதில்தான் போகிறார்கள்.

காரை விடுதி வரை விடுவார்களா என்பதற்கு, சேர்க்கைத் தகவலோடு வரும் குறிப்பில் எந்த வாசல், எங்கே நிறுத்தம், பெற்றோருக்கு என்ன ஏற்பாடு என்று எழுதியிருப்பார்கள். அது ஒவ்வொரு வருஷமும் மாறும். இங்கே யார் சொல்வதையும் நம்பாமல், என்னையும் சேர்த்து, அதைப் படியுங்கள். அடையாள அட்டை எல்லாரும் கையில் வைத்திருங்கள், அம்மா உட்பட.

மூன்றாவது கேள்விக்கு ஒரு விஷயம். மாணவர்கள் பைக், ஸ்கூட்டி எதுவும் உள்ளே வைத்துக்கொள்ள முடியாது. எல்லாருக்கும் சைக்கிள்தான். மகளுக்கு ஸ்கூட்டி வாங்கித் தரும் எண்ணம் இருந்தால் இப்போதே கைவிடுங்கள்.

#6 ஆடித்தபசு

இவ்வளவு விவரம் ஒரே நாளில் கிடைக்கும் என்று நினைக்கவில்லை, ரொம்ப நன்றி.

ஸ்கூட்டி பேச்சு உண்மையிலேயே வீட்டில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. போன வாரம் ஷோரூமுக்குக் கூடப் போய்ப் பார்த்தாள்! சரி, சைக்கிள் என்றால் அவளுடைய பள்ளிக்கூட சைக்கிள் நல்ல நிலையில் இருக்கிறது. அதை ரயிலில் பார்சல் போடலாமா, கார் மேலே கட்டலாமா?

அம்மாவுக்கு புறநகர் ரயில் ஏற முடியுமா என்பதையும் யாராவது சொல்லுங்கள். எங்கள் ஊர் நிலையத்திலேயே ரயில் படி ஏற இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருக்கிறது.

#7 பீளமேடு_அம்மா

என் மூத்தவன் அங்கேதான் படிக்கிறான் அண்ணா. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். உள்ளேயே கடை இருக்கிறது, பழுதும் பார்ப்பார்கள். படிப்பு முடித்துப் போகிற பிள்ளைகள் பழைய சைக்கிளை விற்றுவிட்டுப் போவார்கள். சும்மாவா, நாலு வருஷம் வெயிலிலும் மழையிலும் வெளியே நிற்கப்போகிற சைக்கிளுக்கு பார்சல் காசு வேறா?

சைக்கிளுக்குச் சொன்னதே மெத்தைக்கும். வாளி, மக், மெத்தை, தலையணை, பூட்டு, துணி காயப்போடும் கயிறு எல்லாம் வேளச்சேரியிலும் அடையாறிலும் கிடைக்கும். சேர்ந்த அன்று மாலையே வாங்கிக் கொடுத்துவிடலாம். ஊரில் இருந்து கொண்டுபோக வேண்டியது துணி, சான்றிதழ், மருந்து, கொஞ்சம் தின்பண்டம். தின்பண்டத்தைக் கெட்டியான டப்பாவில் போட்டுக் கொடுங்கள். அங்கே குரங்கு சன்னலுக்குள் கை விட்டு எடுத்துக்கொண்டு போய்விடும், முறுக்கு, மிக்சர் என்று பேதம் பார்க்காது. இப்படிச் சாமானைக் குறைத்தாலே கார் வேண்டுமா என்ற கேள்வி பாதி போய்விடும்.

நாங்கள் கோவையில் இருந்து வருவதால் சென்ட்ரலில் இறங்குவோம். அங்கே கீழேயே மெட்ரோ. விமான நிலையம் போகும் நீல வழித்தடத்தில் ஏறினால் நேராகக் கிண்டி. பச்சை வழித்தடத்தில் ஏறினால் கோயம்பேடு சுற்றி ஆலந்தூர் வந்து மாற வேண்டியிருக்கும், அதை மட்டும் பார்த்து ஏறுங்கள். உங்களுக்கு இது தேவைப்படாது, ஆனால் மெட்ரோவில் எல்லா நிலையத்திலும் லிப்ட் இருக்கிறது, பெட்டியும் நடைமேடையும் ஒரே மட்டம். பெரியவர்களைக் கூட்டிப்போக அதைப்போல ஒன்று சென்னையில் இல்லை.

#8 கிண்டி_லோக்கல்

அம்மாவைப் பற்றிக் கேட்டதற்கு: தாம்பரத்தில் லிப்டும் எஸ்கலேட்டரும் இருக்கின்றன, நடைமேடை மாறுவது சமாளிக்கலாம். புறநகர் ரயிலில் ஏறுவதும் முடியும், ஒவ்வொரு நிலையத்திலும் நிற்கிற நேரம்தான் குறைவு. கிண்டியில் நாலு பேர், பெட்டி, பாட்டி எல்லாம் சில விநாடியில் இறங்க வேண்டும். இளவட்டம் என்றால் பரவாயில்லை. உங்கள் நிலையில் நான் தாம்பரத்திலேயே ஒரு பெரிய டாக்சி பிடித்து நேராக மெயின் கேட் போய்விடுவேன். காலை ஏழுக்குள் என்றால் ஜிஎஸ்டி சாலை ஓடும்.

கிண்டி வரை ரயிலில் வந்தாலும் அங்கே இருந்து கேட் 3 கி.மீ. சுற்றி. அடையாறு, திருவான்மியூர் பக்கம் போகிற மாநகரப் பேருந்து நிறைய. நடத்துநரிடம் "ஐஐடி" என்றால் போதும். ஆட்டோ என்றால் செயலியில் விலை பார்த்துவிட்டுப் பேசுங்கள், நிலைய வாசலில் பெட்டியைப் பார்த்ததும் தொகை ஏறும்.

#9 ரயில்பைத்தியம்

டாக்சி யோசனை சரிதான். அம்மா டிக்கெட்டைப் பற்றி ஒன்று. நாலு பேரையும் ஒரே டிக்கெட்டில் போடாதீர்கள். 60 வயது தாண்டிய ஆண்களுக்கும் 45 தாண்டிய பெண்களுக்கும் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. தனியாகவோ, தகுதியுள்ள இரண்டு பேர் மட்டும் சேர்ந்தோ பதிவு செய்தால்தான் அது வேலை செய்யும். உங்கள் வீட்டம்மாவுக்கும் 45 ஆகியிருந்தால் மாமியார், மருமகள் இருவரையும் ஒரு டிக்கெட்டில் போடுங்கள், நீங்களும் மகளும் தனி டிக்கெட். பொது ஒதுக்கீடு நிரம்பினாலும் இதில் இடம் இருப்பது உண்டு.

#10 டீசல்_துரை

ஆக, கோவில்பட்டிக்கு ஒரு வண்டி, தாம்பரத்துக்கு ஒரு வண்டி, கேட்டுக்கு ஒரு டாக்சி, உள்ளே ஒரு பஸ், நடுவில் இரண்டு டிக்கெட்டாகப் பிரிந்த குடும்பம், சாயங்காலம் வாளி வாங்க வேளச்சேரி! இதற்கு நான் சொன்ன கார் எந்த விதத்தில் கஷ்டம்? பெரியவர்கள் இருந்தால் வழியில் நினைத்த இடத்தில் நிறுத்தலாம். காபி குடிக்கலாம், கழிப்பறை போகலாம், முட்டியை நீட்டலாம்.

#11 முன்னாள்_நர்மதா

துரை சார், 600 கி.மீ. உட்கார்ந்து வருவதும் முட்டி வலிக்காரருக்குச் சுலபம் இல்லை. படுத்துக்கொண்டு வருவது வேறு. அண்ணாச்சியே திருச்சிக்கு அப்பால் ஓட்டியதில்லை என்கிறார். கத்திப்பாராவில் பாடம் படிப்பது சேர்க்கை நாளிலா நடக்க வேண்டும்?

காரை நான் முழுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓட்டத் தெரிந்த மச்சினன் கூட வருகிறார், சேர்க்கை முடிந்து இரண்டு நாள் காஞ்சிபுரம், மாமல்லபுரம் என்று சுற்றுகிறீர்கள் என்றால் கார் நல்ல யோசனை. சேர்க்கைக்காக மட்டும் என்றால், பகல் முழுக்க வரிசையிலும் கூட்டத்திலும் போகும். அதுவரை கார் எங்கோ நிற்கும், அதை எடுக்க ஒருவர் நடக்க வேண்டும். அடையாறில் தங்கினாலும் அங்கே கார் நிறுத்த இடம் உள்ள விடுதியாகத் தேட வேண்டும்.

உள்ளே ஓட்டினால் மெதுவாக ஓட்டுங்கள், ஹாரன் அடிக்காதீர்கள். மான் சாலையின் குறுக்கே வரும், ஒன்று தாண்டினால் பின்னால் நாலு வரும்.

#12 அடையாறு_ஆலமரம்

பேரப்பிள்ளைகள் வயதில் இருக்கிறவர்கள் எல்லாம் நன்றாகவே வழி சொல்லுகிறீர்கள். ஓய்வு பெற்றவன், கொஞ்சம் பழங்கதை.

அந்த இடம் முழுக்க கிண்டிக் காடு. கவர்னர் மாளிகையோடு சேர்ந்த காட்டில் இருந்துதான் ஐஐடிக்கும் நிலம் எடுத்தார்கள். மிச்சம் இருக்கும் காடுதான் தேசியப் பூங்கா, 270 ஹெக்டேர் அளவில். நடுவில் சுவர் இருக்கிறது, ஆனால் மானுக்கும் மரத்துக்கும் இரண்டு பக்கமும் ஒரே காடுதான். வெளிமான் கூட உண்டு. முறுக்கிய கொம்போடு கறுப்பாக நிற்கும், புள்ளிமான் அளவுக்கு எளிதில் கண்ணில் படாது. கேட்டில் இருந்து கட்டடம் இவ்வளவு தூரம் ஏன் என்று எல்லாரும் சலித்துக்கொள்கிறார்கள். காட்டை முழுசாக வெட்டாமல் உள்ளே தள்ளிக் கட்டினார்கள், அதனால் இந்தத் தூரம். எனக்கு இதில் புகார் இல்லை.

தம்பி, உங்கள் தாயாரிடம் சொல்லுங்கள், வளாகத்துக்குள்ளேயே பீலியம்மன் கோயிலும் ஜலகண்டேசுவரர் கோயிலும் இருக்கின்றன. கோமதியம்மன் ஊரில் இருந்து வருகிறவர்கள், கும்பிடாமல் போக மாட்டார்கள்.

மழையைப் பற்றியும் ஒன்று. நவம்பர், டிசம்பரில் மகளைப் பார்க்க வந்தால் வேளச்சேரியில் அறை எடுக்காதீர்கள். தாழ்வான இடம். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் என்ன ஆனது என்று எல்லாருக்கும் தெரியும். அடையாறிலோ கிண்டியிலோ தங்குங்கள்.

#13 ஆடித்தபசு

ஐயா, பீலியம்மன் என்று சொன்னதும் அம்மா முடிவே செய்துவிட்டார்கள், இனி நான் வர வேண்டாம் என்று சொன்னாலும் நிற்க மாட்டார்கள்.

ரயில்தான். கோவில்பட்டியில் இருந்து கிடைத்தது, தம்பி சொன்னபடி இரண்டு டிக்கெட்டாக. அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கை வந்துவிட்டது. மச்சினன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்.

மூன்றாவது கேள்விக்கு இன்னும் யாரும் முழுசாகப் பதில் சொல்லவில்லை. அவள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தனியாக வர வேண்டும். பஸ்ஸா, ரயிலா? பஸ் இப்போது எங்கோ ஊருக்கு வெளியே நிற்கிறதாமே?

#14 பீளமேடு_அம்மா

பண்டிகைக்கு வருவது என்றால் தேதியை இப்போதே காலண்டரில் குறித்து வைத்து, 60 நாள் முன்னால் காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும்போதே உட்கார்ந்து எடுத்துவிடுங்கள். என் மகன் "பார்த்துக்கலாம்மா" என்பான், நான் பார்த்துக்கொள்வதில்லை, எடுத்துவிடுவேன். தேவையில்லை என்றால் ரத்து செய்தால் கொஞ்சம் காசு போகும், போகட்டும்.

#15 கிண்டி_லோக்கல்

ஆமாம், தென்மாவட்டப் பேருந்துகளுக்கு இப்போது கிளாம்பாக்கம்தான். 2023 டிசம்பர் 30இல் திறந்தார்கள், வண்டலூர் தாண்டி ஊரப்பாக்கம் பக்கம். உங்கள் ஊர்க்காரர்கள் நிறைய பேர் இன்னும் கோயம்பேடு என்றே சொல்லிக்கொண்டிருப்பார்கள். கிளாம்பாக்கத்தில் இருந்து கிண்டி, தி.நகர், பிராட்வே பக்கம் மாநகரப் பேருந்து இருக்கிறது, நள்ளிரவில் இறங்கினால் காத்திருக்க வேண்டிவரும்.

பாப்பாவுக்கு ரயில் நல்லது. வளாக பஸ்ஸில் மெயின் கேட், அங்கே மாநகரப் பேருந்தில் கிண்டி, கிண்டியில் புறநகர் ரயிலில் தாம்பரம், தாம்பரத்தில் ஊர் ரயில். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, 2021 மே மாதத்தில் இருந்து. முன்பக்கம் இளஞ்சிவப்பு அடித்த பேருந்து வந்தால் ஏறிவிடலாம். டீலக்ஸ், ஏசி என்றால் காசு. புறநகர் ரயிலில் பெண்கள் பெட்டி தனியாக இருக்கிறது. போனில் "சென்னை ஒன்" செயலி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், 2025 செப்டம்பரில் வந்தது. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் அதிலேயே டிக்கெட் எடுக்கலாம்.

மாலை ஆறு, ஏழு மணிக்கு கிண்டியில் தாம்பரம் பக்கம் போகும் ரயிலில் கூட்டம் தாங்காது. இரவு வண்டி என்றாலும் ஐந்து மணிக்கே கிளம்பித் தாம்பரத்தில் போய் உட்காரச் சொல்லுங்கள்.

#16 ரயில்பைத்தியம்

ஏறும் நிலையம் தாம்பரம் என்றே பதிவு செய்யுங்கள். எழும்பூர் என்று போட்டுவிட்டுத் தாம்பரத்தில் ஏறப்போனால், எழும்பூரில் ஆள் வரவில்லை என்று படுக்கையை வேறு யாருக்காவது கொடுத்துவிட வாய்ப்பு இருக்கிறது. ஏறும் இடத்தை மாற்ற வேண்டுமென்றால் முன்கூட்டியே இணையத்தில் மாற்றலாம். முதலிலேயே சரியாகப் போட்டுவிட்டால் அந்தத் தொல்லையே இல்லை.

பறக்கும் ரயில் (மேம்பாலப் பாதையில் ஓடும் உள்ளூர் ரயில்) என்று யாராவது சொன்னால்: கஸ்தூரிபா நகர் நிலையத்தில் இறங்கினால் மெயின் கேட் பக்கம்தான், மயிலாப்பூர், கடற்கரை போய்வர நல்லது. ஊருக்கு வருவதற்கு அது உதவாது.

#17 புதியவன்_விருதுநகர்

வணக்கம், புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். எனக்கு அண்ணா பல்கலைக்கழகத்தில் கிடைத்திருக்கிறது. அதுவும் கிண்டி என்கிறார்கள். மேலே சொன்ன வழியே எனக்கும் சரியா? அப்பா காரில் போகலாம் என்கிறார்.

#18 முன்னாள்_நர்மதா

தம்பி, முதலில் கடிதத்தில் எந்தக் கல்லூரி என்று பார். கிண்டிப் பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, கட்டடக் கலைப் பள்ளி மூன்றும் கிண்டி வளாகத்தில். அதே சர்தார் படேல் சாலைதான், ஐஐடிக்கு முன்னாலேயே இடது பக்கம் வந்துவிடும், காந்தி மண்டபம் சாலைப் பக்கமும் வாசல் உண்டு. பறக்கும் ரயில் என்றால் கோட்டூர்புரம். கேட்டில் இருந்து வகுப்புக்கு நடந்தே போகலாம், ஐஐடி அளவுக்குத் தூரம் கிடையாது.

எம்ஐடி, அதாவது மெட்ராஸ் தொழில்நுட்பக் கல்லூரி என்று போட்டிருந்தால் அது குரோம்பேட்டை. அதுவும் அண்ணா பல்கலைதான், ஆனால் கிண்டிக்கு வராதே. தாம்பரத்தில் இருந்து புறநகர் ரயிலில் இரண்டாவது நிலையம், இறங்கினால் பக்கத்திலேயே கல்லூரி. உங்கள் அப்பா காரில் வந்தாலும் ஜிஎஸ்டி சாலையிலேயே வந்துவிடும், கத்திப்பாரா பக்கமே போக வேண்டியதில்லை.

#19 டீசல்_துரை

விருதுநகர் தம்பி, அப்பாவை என்னிடம் பேசச் சொல்லு.